‘இன்னும் தயாராகவில்லை’

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. ஆறு வருடமாக ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறான். உறை ஒட்டுகிறான், பொருட்களை எண்ணிப் பொட்டலம் கட்டுகிறான். வெளியே வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டால் ‘இன்னும் தயாராகவில்லை’ என்கிறார்கள். அங்கே பத்திரமாக இருக்கிறானே, அது போதாதா என்கிறார் அம்மா. எனக்கு அனுப்பிப் பார்க்க ஆசை. பயமாகவும் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆறு வருடம் உறை ஒட்டியவர் இன்னும் எதற்குத் தயாராக வேண்டும்? உறை ஒட்ட என்றால் முதல் வருடமே தயாராகியிருப்பார். வேறு வேலைக்கு என்றால், அந்த வேலையை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எந்த வேலைக்குத் தயார்செய்கிறீர்கள் என்று மையத்தில் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு அல்ல, நிஜமாகவே.

‘முதலில் பயிற்சி, பிறகு வேலை’ என்பது இந்தத் துறையின் பழைய வழி. முதல் உலகப்போரில் ஊனமுற்றுத் திரும்பிய சிப்பாய்களுக்காகச் செய்த ஏற்பாடுகளில் வேர் பிடித்தது. அவர்களில் பலருக்கு அது பொருந்தியது, ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் போட்டுப் பார்க்க முடிந்தது. உங்கள் தம்பி போன்றவர்களுக்குச் சிக்கலே அங்கேதான். அதனால் ‘முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே பழக்கு’ என்று 1980களில் முறையைத் திருப்பிப் போட்டார்கள். அதற்கும் முன்பே, அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், பட்டறைகளில் எளிய வேலை மட்டும் கொடுத்து வைத்திருந்த அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்தார். கற்பவர் திணறினால் கற்பிப்பவர் வேறு வழி தேட வேண்டும் என்றார். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த பிடிவாதம் இது.

ஒருமுறை ஒரு ஜாப் கோச்சுடன், அதாவது வேலையிடத்துக்கே உடன்வந்து பழக்குபவருடன், ஒரு நாள் முழுக்க இருந்தேன். ஓர் அலுவலகத்தின் கோப்பறை. அந்த இளைஞர் காகிதங்களிலிருந்து பின்னைக் கழற்றுவார், மேசையில் தட்டி ஓரம் சேர்ப்பார், ஸ்கேனரில் வைப்பார். வேலையில் குறையே இல்லை. ஆனால் இடைவேளைக்குப் போனால் திரும்ப மாட்டார். மேலாளர் அதற்குள் ‘சோம்பேறி’ என்று முடிவுகட்டியிருந்தார். கோச் இரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்து கண்டுபிடித்தது: அவருக்கு மணி பார்க்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் எழுந்தால்தான் எழுவார். அவருக்கு விட்ட நேரத்திலோ அங்கே வேறு யாரும் இல்லை. அடுத்த மேசைக்காரர் தன் இடைவேளையை அவரோடு சேர்த்து மாற்றிக்கொண்டார். அத்தோடு தீர்ந்தது. எந்த மையத்திலும் எத்தனை வருடம் பயிற்சி கொடுத்தாலும் இது தெரியவந்திருக்காது.

உங்கள் பயம் நியாயமானது. உடன்வர ஆள் இல்லாமல் அனுப்பிவிட்டு, ஒரு மாதத்தில் திரும்பி வந்ததும் ‘பார்த்தீர்களா’ என்பவர்கள் உண்டு. யார் கூடப் போவார், முதல் வாரம் பக்கத்தில் நிற்பவர் எப்போது வாசலுக்கு நகர்வார், பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார், இந்த வேலை போனால் அடுத்ததை யார் தேடுவார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முதல் வேலையில் நிலைக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1983ஆம் ஆண்டு உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகளின் தொழில் மறுவாழ்வுக்கு நோக்கமாகப் பொருத்தமான வேலை பெறுவதையும் அதில் நிலைப்பதையும் முன்னேறுவதையும் சொல்கிறது. பத்திரமாக உட்கார வைப்பது அதில் இல்லை.

2006இல் ஐநா ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு, அவர்களே விரும்பித் தேர்ந்த வேலை என்கிறது. உங்கள் கடிதத்தில் மையம் சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது, உங்கள் ஆசையும் இருக்கிறது. தம்பி சொன்னது ஒரு வரிகூட இல்லை. கேட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், பார்க்காததை எப்படி விரும்புவார்? நாலைந்து வேலையிடங்களுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். வீடு திரும்பிய பிறகு எதைப் பற்றி மறுபடி மறுபடி பேசுகிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.