பிறையும் பார்வர்டும்

அன்புள்ள காக்காவுக்கு (அண்ணனுக்கு),

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதி) வாட்ஸாப் குழுவுக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் அட்மின். மொத்தம் 640 பேர், பாதிக்கு மேல் சவூதி, துபாய், மலேசியா என்று வெளியே இருப்பவர்கள். மவுத் (இறப்பு) அறிவிப்பு, ரத்தம் தேவை, நிக்காஹ் அழைப்பு, ஆற்றில் தண்ணீர் விட்டாச்சா என்பதற்காக ஆரம்பித்த குழு.

போன மாதம் ‘தஞ்சாவூர் ஹோட்டலில் பிரியாணியில் துப்பும் பாய்’ என்று ஒரு வீடியோ. எங்கள் ஆள் ஒருவர்தான் போட்டார். ‘நம்மை எப்படிச் சித்திரிக்கிறார்கள் பாருங்கள், எல்லோருக்கும் பகிருங்கள்’ என்று. இரண்டு மணி நேரத்தில் இருநூறு பதிவு. பிறகு ஒருவர், அவர் துப்பவில்லை, ஓதி ஊதுகிறார் என்றார். உடனே இன்னொருவர், ஊதுவதே பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்றார். சுபுஹ் (அதிகாலைத் தொழுகை) வரை சண்டை. முப்பது பேர் வெளியேறிவிட்டார்கள். ரமலான் பிறையிலும் இதே கதைதான். குழுவை மூடிவிடு, கேஸ் வந்தால் அட்மினைத்தான் பிடிப்பார்கள் என்று ஜமாஅத் பெரியவர்கள் சொல்கிறார்கள். மூடிவிடலாமா? வீடியோவை இணைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

எஸ்.,
பட்டுக்கோட்டை வட்டம்


அன்புள்ள எஸ். தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். முதலில் வீடியோவை முடித்துவிடுவோம். அது தஞ்சாவூரும் இல்லை, ஹோட்டலும் இல்லை. 2021 நவம்பரில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஓர் உரூஸில் (தர்கா விழாவில்) எடுத்தது. விருந்து பரிமாறுமுன் அங்குள்ள தங்ஙள் (சமயப் பெரியவர்) ஒருவர் சோற்றில் ஓதி ஊதுகிறார். அப்போதே ‘துப்புகிறார்’ என்ற வாசகத்தோடு வடக்கே சுற்றியது, அப்போதே சரிபார்ப்பவர்கள் மறுத்தும் எழுதினார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இப்போது உங்களிடம் வந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். பின்னணிக் குரல் பெரும்பாலும் ஒட்டவைத்ததுதான், அதைக் கேட்டால் கண் அது சொல்வதையே பார்க்கும். முகம், பின்னணி, கூட்டம் மூன்றும் தெளிவாகத் தெரியும் இடங்களில் நிறுத்தி நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலேயும் கீழேயும் ஒட்டியிருக்கும் எழுத்துப் பட்டையை வெட்டிவிட்டு ஒவ்வொன்றையும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பட்டையை வெட்டாமல் போட்டால் அது படத்தை விட்டுவிட்டு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும். ஒன்றும் வரவில்லையென்றால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தேடலில் மாட்டாமலிருக்க வீடியோவைத் திருப்பிவிடும் பழக்கம் உண்டு, கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வந்த விடைகளில் பழைய தேதி உள்ளதை முதலில் திறக்கவேண்டும். வண்டி நம்பர் பலகை, போலீஸ் சீருடை, வேட்டி கட்டியிருக்கும் விதம் இவையெல்லாம் ஊரைச் சொல்லும்.

பார்வர்டு குறியை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து கை தாண்டி வந்த செய்திக்கு இரட்டை அம்பு விழும், அதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸாப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் கேலரியில் சேமித்துப் புதிதாக ஏற்றினால் அம்பு போய்விடும், கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். அம்பு இல்லாத வீடியோ புதியது என்று அர்த்தமில்லை.

இனி ஊதுதல். டெல்டாவில் எத்தனையோ பள்ளிவாசல் வாசலில் மஃரிப் தொழுகை முடிகிற நேரம் கைக்குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர் ஓதிக் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார். நிற்கிறவர்களில் பொட்டு வைத்தவர்கள் குறைவில்லை. ‘பாய், பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல், கொஞ்சம் ஊதிவிடுங்க’ என்று கேட்கிற அந்த அம்மாவுக்கு ஊதுவதற்கும் துப்புவதற்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடியோ வந்ததும் உங்கள் குழுவில் வந்திருக்க வேண்டிய பதில் இரண்டே வரி: ‘இது 2021, கேரளம். பள்ளிவாசல் வாசலில் குழந்தைக்கு ஊதுவதுபோல் சோற்றில் ஊதுகிறார்.’ அந்தப் பதில் வருமுன் உங்கள் ஆட்கள் ஊதுவது கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குப் போய்விட்டார்கள். வீடியோ பரப்பியவன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டான். அவனுக்கு இது இலவச லாபம்.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். முஸ்லிம்களைப் பற்றிய வெறுப்பு வீடியோக்களுக்கு முஸ்லிம் குழுக்களே பெரிய விநியோகஸ்தர்கள். ‘பாருங்கள் அநியாயத்தை’ என்று லிங்க்கை 640 பேருக்குப் போட்டால் இருநூறு பேர் திறப்பார்கள், ஐம்பது பேர் கீழே போய்த் திட்டுவார்கள். யூடியூபுக்கும் பேஸ்புக்குக்கும் திட்டும் பாராட்டும் ஒரே கணக்குதான், ஆள் எவ்வளவு நேரம் நின்றான், எத்தனை எழுதினான் என்பதே. நூறு பேர் பார்த்துச் செத்துப்போயிருக்க வேண்டிய வீடியோ நம் கோபத்தின் தயவில் பத்தாயிரம் பேரிடம் போகிறது. லிங்க்கைக் குழுவில் போடாதீர்கள். யாருக்குத் தெரிய வேண்டுமோ அந்த மூன்று பேருக்குத் தனியாக அனுப்புங்கள்.

2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீனில் தப்லீக் ஜமாஅத்தின் தலைமையகமான மர்கஸில் கொரோனா என்ற செய்தி வந்த வாரத்தை எண்ணிப் பாருங்கள். தப்லீக்காரர் போலீஸ் மீது துப்புகிறார் என்று வந்தது, மும்பையில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த ஒரு விசாரணைக் கைதியின் பழைய வீடியோ. வேண்டுமென்றே தும்மிக் கொரோனா பரப்புகிறார்கள் என்று வந்தது, சூஃபிகள் மூச்சை இழுத்துவிட்டுச் செய்யும் திக்ரு (இறைவனை நினைந்து ஓதுதல்). தட்டை நக்கி வைரஸ் தடவுகிறார்கள் என்று வந்தது, ஒரு பருக்கையும் வீணாகக் கூடாதென்று போஹ்ரா முஸ்லிம்கள் தட்டை வழித்து உண்ணும் பழைய காட்சி. மூன்றிலும் படம் உண்மை, கூட வந்த வாக்கியம்தான் பொய். தப்லீக்காரர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை சொன்னது அந்த ஆகஸ்டில். டெல்லியில் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை அங்குள்ள உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது 2025 ஜூலையில். வாக்கியம் ஊர்சுற்ற ஒரு ராத்திரி, தீர்ப்பு வர ஐந்து வருடம்.

சரி, என்ன செய்வது? புதிதாக ஒன்றும் வேண்டாம். பிறைக்கு நம் ஜமாஅத்தில் எப்போதும் செய்வதையே எல்லாவற்றுக்கும் செய்யலாம். 29ஆம் நாள் மாலை ஒருவர் ‘பார்த்தேன்’ என்று வந்தால் பேஷ் இமாம் (தொழுகை நடத்துபவர்) என்ன கேட்பார்? எங்கே நின்று பார்த்தாய், சூரியன் இறங்கி எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கூட யார் இருந்தார். ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) ரமலான் தொடங்க நம்பகமான ஒரு சாட்சி போதும், பெருநாளுக்கு இரண்டு வேண்டும். எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கிற செய்திக்குத்தான் சாட்சி அதிகம். ‘யாரோ பார்த்தார்களாம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. ‘பார்வர்டட்’ என்பது ‘யாரோ பார்த்தார்களாம்’ என்பதன் இன்றைய பெயர்.

பிறைச் செய்தியே வாட்ஸாப்பில் வரும்போது இந்தக் கேள்விகள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். இப்போது ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அந்த நாட்களில் ரியாத்தில் சூரியன் மறையும்போது நமக்கு இரவு எட்டேகால், எட்டரை. ‘சவூதியில் பிறை தென்பட்டது’ என்று ஏழு மணிக்கு வந்தால் அங்கே இன்னும் வெயில் அடிக்கிறது. தலைமை காஜியின் அறிவிப்பு என்று கடிதம் வந்தால் கையெழுத்தைப் பார்க்குமுன் ஹிஜ்ரி ஆண்டையும் கிழமையையும் பாருங்கள். போன வருடக் கடிதம் ஒவ்வொரு வருடமும் சுற்றும். போட்டோ வந்தால், மாசி பங்குனி மாலைகளில் நம் வானத்தில் முதல் பிறை தோணிபோல் மல்லாந்துதான் கிடக்கும். செங்குத்தாக நிற்கிற பிறை நம் ஊர்ப் பிறை இல்லை. தடிமனாக இருந்தால் அது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. அமாவாசை நொடியிலிருந்து 15 மணி நேரம் ஆகாத பிறையை வெறுங்கண்ணால் பார்த்தேன் என்றால், பார்த்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். உள்ளூர்ப் பிறையா, தமிழகப் பிறையா, சர்வதேசப் பிறையா என்ற சண்டை தீராது, அதை நீங்கள் தீர்க்கவும் வேண்டாம். அது ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) வேலை. உங்கள் குழுவில் வர வேண்டியது நம் பள்ளியின் முடிவு மட்டும்.

குழுவை மூடினால் அந்த அறுநூறு பேரும் யார் அட்மின் என்றே தெரியாத இன்னொரு குழுவுக்குப் போவார்கள். இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு, அதில் அட்மின் மட்டுமே எழுதலாம். இன்னொன்று பேச்சுக்கு. பேச்சுக் குழுவை இஷா (இரவுத் தொழுகை) முடிந்து சுபுஹ் வரை பூட்டிவையுங்கள், குழு அனுமதிகளில் ஒரே தட்டு. நடுராத்திரியில் ஆறப்போட முடியாத விஷயம் மவுத் மட்டும்தான், அதற்கு அறிவிப்புக் குழு இருக்கிறது. வீடியோ போடுகிறவர் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்றையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அட்மின் எல்லோருக்கும் அழித்துவிட்டுத் தனியாக ஒரு வரி சொல்லவேண்டும். குழுவில் வைத்துக் கண்டித்தால் அவர் மானப் பிரச்சினையாக்கிவிடுவார், குறிப்பாக அவர் உங்களைவிட மூத்தவராக இருந்தால். ஹுஜுராத் சூராவின் 49:6, ‘செய்தி வந்தால் தீர விசாரியுங்கள்’ என்ற வசனத்தைப் படமாகப் போட்டுவிட்டு அடுத்த நிமிடம் விசாரிக்காத வீடியோ போடுகிற காக்காமார்களை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம்.

பதில் எழுத்தாக இருக்க வேண்டாம். முப்பது, நாற்பது விநாடிக் குரல் பதிவாக, தெரிந்த குரலில் இருக்கட்டும். மஹல்லாக் குழுக்கள் அநேகமாக ஆண்களின் குழுக்கள். ஆனால் வீட்டு ஆண்கள் கடல் கடந்திருக்கும் ஊர்களில் வதந்தி முதலில் போய்ச் சேர்வது குடும்பக் குழுவுக்கு, அங்கே பெரியம்மாக்கள் எழுத்தைப் படிப்பதில்லை. பெண்கள் மதரஸாவின் உஸ்தாதுமார்களிடம் அந்தக் குரல் பதிவைக் கொடுங்கள், அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும்.

மறுப்பு உங்கள் குழுவுக்குள்ளேயே சுற்றுவதில் பயனில்லை. அந்த வீடியோவை நம்பக்கூடியவர் பக்கத்துத் தெருவில், வேறு குழுவில் இருக்கிறார். இரண்டு தரப்பும் சேர்ந்திருக்கும் குழு நம் ஊர்களில் அநேகமாக ஒன்றுதான், கடைத்தெரு வியாபாரிகள் குழு. அங்கே அட்மின் யார், அவர் நம்பர் என்ன என்பது இன்றே உங்கள் போனில் இருக்க வேண்டும். விநாயகர் ஊர்வலம், கந்தூரி (தர்கா விழா) வருகிற வாரங்களில் அவரோடு ஒரு டீ குடித்துவிடுங்கள்.

கேஸ் பயம் பற்றி. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றில் வந்த பதிவு தொடர்பான வழக்கில், 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அட்மின் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றமும், உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று சொன்னது. நீங்களே பரப்பினாலோ தூண்டினாலோ கதை வேறு. துபாயில் இருக்கும் உறுப்பினர்களுக்கு இன்னொன்று: அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டத்தில் இணைய வதந்திக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை, ஒரு லட்சம் திர்ஹம் அபராதம். ஊர்ப் பாசத்தில் அங்கிருந்து பார்வர்டு செய்கிறவருக்கு இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் புகார் கொடுப்பதானால், கோபத்தில் வீடியோவை அழித்துவிடாதீர்கள். பலரும் தோற்பது இங்கேதான். பதிவின் லிங்க், போட்டவரின் பக்க லிங்க், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் வேண்டும். பக்கத்தின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் மறுநாள் அந்தப் பெயரே இருக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவில் (தண்டனைச் சட்டம்) சமூகங்களிடையே பகை மூட்டுவதற்குப் பிரிவு 196, மத உணர்வைப் புண்படுத்துவதற்கு 299, வதந்திக்கு 353. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் கொடுக்கலாம். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 1930 என்ற எண் பண மோசடிக்கானது, அதில் கூப்பிட்டு நேரத்தை விடாதீர்கள். நீதிமன்றத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட் நிற்க சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கூடவே இருக்க வேண்டும், வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.

வெளியேறிய முப்பது பேரைக் குழுவில் நேரடியாகச் சேர்க்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். வருகிற ரமலான் 29 அன்று பேச்சுக் குழுவை அஸருக்கே (பிற்பகல் தொழுகை) பூட்டிவிடுங்கள். கஞ்சி எத்தனை மணிக்கு என்று தனியாகக் கூப்பிடுவார்கள், எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்