பன்னிரண்டில் பத்து கிளைக்கு முழு மதிப்பெண் வந்தால்

கேள்வி: நெல்லைச் சீமையில் எங்கள் வங்கிக்கு 12 கிளைகள். எது திறமையாக நடக்கிறது என்று டி.இ.ஏ. (டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், கிளைகளைச் சிறந்த கிளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் கணக்கு) முறையில் கணக்குப் போட்டேன். உள்ளீடு (ஊழியர், செலவு போல) 4, வெளியீடு (கணக்கு, கடன் போல) 5. பத்து கிளைக்கு 1 என்று முழு மதிப்பெண் வந்துவிட்டது. மண்டல மேலாளரிடம் கொடுக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் போட்ட கணக்கு சரிதான். உள்ளீடு, வெளியீடு என்று எடுத்த பத்திகள்தான் அதிகம்.

1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் வகுத்த முறை இது. ஒவ்வொரு கிளைக்கும் அதற்கு எது சாதகமோ அதற்கே அதிக எடை போட்டுப் பார்க்கும். அதனால் ஏதாவது ஒரு பத்தியில் முந்தினாலே போதும், கிளை தப்பித்துவிடும்.

உதாரணத்துக்குச் சில எண்கள். ஒரு ஊழியருக்குப் பேட்டைக் கிளை 100 நகைக்கடன், 20 பயிர்க்கடன் பார்க்கிறது. சேரன்மகாதேவி 40, 60. களக்காடு 56, 32. முதல் இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் 70, 40. களக்காடு இரண்டிலும் அதில் 80 சதவீதம், மதிப்பெண் 0.8. பத்துப் பேர் செய்கிற வேலையை எட்டுப் பேர் முடித்திருக்கலாம் என்று பொருள். இப்போது ஓய்வூதியக் கணக்கு என்று ஒரு பத்தி சேருங்கள். அதில் களக்காடு முதலாவதாக இருந்தால் மதிப்பெண் உடனே 1 ஆகிவிடும். கிளையில் வேலை நடக்கிற விதம் துளிகூட மாறியிருக்காது!

உள்ளீடும் வெளியீடும் சேர்ந்த எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு கிளைகளாவது வேண்டும் என்பது நடைமுறை விதி. உங்கள் 9 பத்திக்கு 27 கிளை வேண்டும். 12 கிளைக்கு 4 பத்திதான் தாங்கும். நான் வைப்பது: ஊழியர் எண்ணிக்கை, சம்பளம் நீங்கலான செலவு, வைப்புக் கணக்குகள், வாராக்கடன் கழித்த கடன் நிலுவை. வாராக்கடனைக் கழிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த கிளைதான் மேலே நிற்கும். முழு வங்கிகளை ஒப்பிடும்போது வைப்புத்தொகையை உள்ளீடாக வைப்பவர்கள் உண்டு. கிளை அளவில் அது ஊழியர்கள் திரட்டுவது, வெளியீடாகவே இருக்கட்டும்.

மார்ச் 31 நிலுவையை மட்டும் எடுக்காதீர்கள். பிசானப் பருவ நெல் விற்ற காசில் நகையை மீட்கிற சமயம் அது, கடன் நிலுவை குறைந்து தெரியும். நான்கு காலாண்டுச் சராசரி எடுங்கள்.

இன்னொன்று. டி.இ.ஏ.வுக்கு அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் தெரியாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டதால் வசூல் நின்றுபோன கிளையையும் திறமையில்லாதது என்றே சொல்லும். அந்தத் தற்செயலைத் தனியே பிரிப்பது 1977-இல் வந்த ஸ்டாகாஸ்டிக் ஃபிரான்டியர் முறை. அதற்குக் கிளைக்கு ஒன்றாக 12 வரிசை போதாது. ஐந்து ஆண்டுக் கணக்கைச் சேர்த்தால் 60 வரிசை கிடைக்கும், முயன்று பார்க்கலாம்.

புதுக் கணக்கில் 0.8 வருகிற கிளைக்கு, அறிக்கை எழுதும் முன் ஒரு நாள் நேரில் போய் கவுன்டர் பக்கம் உட்காருங்கள். நகை மதிப்பீட்டாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறாரா, மற்ற நாளில் நகையோடு வந்தவர்கள் திரும்பிப் போகிறார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் அந்த 0.2 ஊழியர்களின் குறை அல்ல.