கிளினிக்கில் பகுதி நேர பிசியோ வேலை: வரி எப்படிக் கட்டுவது?

சுங்கை சிப்புட்டில் இரண்டு கிளினிக்குகளிலும், தோட்டத்து வீடுகளுக்குப் போயும் பிசியோ பார்க்கிறீர்கள். யாரும் பிசிபி (மலேசியாவில் மாதச் சம்பளத்திலிருந்தே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பதில்லை, வரியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி.

பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. நானும் அப்படி நினைத்துத்தான் முதல் வருடம் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுத் தவித்தேன். உங்கள் வரவு தொழில் வருமானம். ஆகவே சம்பளக்காரர்கள் நிரப்பும் பிஇ பாரம் அல்ல, பி பாரம்தான். கடைசி நாள் ஜூன் 30. வேறொரு இடத்தில் சம்பளமும் வாங்கினால் அதையும் இதே பாரத்தில் காட்டுங்கள்.

அடுத்த வருடங்களில் வருமான வரி வாரியத்திடமிருந்து, வரியைத் தவணையாகக் கட்டச் சொல்லும் சிபி500 கடிதம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தவணை, மொத்தம் ஆறு. தவறினால் கட்டாத தொகைக்கு 10% அபராதம். வருமானம் குறைந்திருந்தால் ஜூன் 30க்குள் சிபி502 பாரம் கொடுத்துத் தவணையைக் குறைக்கலாம். பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை, பாவம், தேவையில்லாமல் சிரமப்படுகிறார்கள்.

அப்புறம் செலவுக் கணக்கு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போன பெட்ரோல், கையுறை, தொழில் காப்புறுதி, இவையெல்லாம் கழியும். குடும்பத்தோடு ஈப்போ போய் வந்தது கழியாது. அதனால் காரில் ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, எந்தத் தோட்டம், எத்தனை கிலோமீட்டர். ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாள் மங்கிவிடும், அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

முதலாளி இல்லாததால் இபிஎஃப்பும் (ஊழியர் சேமநிதி) உங்கள் பொறுப்புதான். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் போட்டால் அரசும் கொஞ்சம் சேர்க்கும்.