ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: வாசகர் கேள்விகள்

கே: ஒப்பந்த வேலை. இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். எனக்கு மகப்பேறு விடுப்பு உண்டா?

உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. விடுப்பை மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம்.

கே: ஆண்களைவிட எனக்குச் சம்பளம் குறைவு. என்ன செய்வது?

என்ன வேலை, அவர்களும் அதே வேலைதான் செய்கிறார்களா, எத்தனை வருட அனுபவம்? எதையுமே எழுதாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? வேலை ஒன்றாக இருந்தால் ஊதியமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1976-லிருந்தே சட்டம் இருக்கிறது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: மொத்தம் 14 பேர். பாலியல் தொல்லை புகார்க் குழு கட்டாயமா?

10 பேர் இருந்தாலே கட்டாயம். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

கே: கர்ப்பம் என்று சொன்னதும், 'நீங்களே ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர் பிரச்சினை இல்லாமல் கிடைக்கும்' என்கிறார் எச்.ஆர். வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிடு என்கிறார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை, ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். அது எச்.ஆருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்காமல் உங்கள் கையாலேயே எழுத வைக்கப் பார்க்கிறார்கள். கையெழுத்து விழுந்துவிட்டால், 'அவராக விலகினார்' என்று கோப்பை மூடிவிடுவார்கள். முதல் கர்ப்பத்திலேயே விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் 1981-ல் ரத்து செய்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே வேலை வேறு வழியில் நடக்கிறது.

அடுத்து, 'உங்கள் பர்ஃபாமன்ஸ் சரியில்லை' என்பார்கள். பழைய அப்ரைசல் கடிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும், 'இன்று ராஜினாமா கேட்டீர்கள், எனக்கு விருப்பமில்லை' என்று அன்றைக்கே ஒரு மெயில். மீறி நீக்கினால் 60 நாளுக்குள் முறையீடு செய்ய வேண்டும். குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டாரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கே: நான் எச்.ஆரில் இருக்கிறேன். மணமான பெண்கள் வேண்டாம் என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்கிறார்.

ஆளெடுப்பில் பெண் என்பதற்காக ஒதுக்குவது சட்டப்படி தவறு. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை ஒதுக்குவதாகச் செய்தி வந்ததும், மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. உங்கள் மேலதிகாரியின் உத்தரவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால், தகுதியை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுங்கள்.