டிப்ளமோவா, ஆராய்ச்சியா?

கேள்வி: மகள் அரசு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கருவுறுதல், மரபணு என்று ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். என் தம்பியோ, "எம்ப்ரியாலஜி (கருவியல்) டிப்ளமோ முடிச்சா உடனே குழந்தையின்மை மையத்துல வேலை" என்கிறான். பிஎச்.டி. என்றால் இன்னும் எத்தனை வருடம் நாங்கள் செலவு செய்வது?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால் பிஎச்.டி.க்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து, மதிப்பீட்டில் தேறினால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இது மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை. ஆக, உங்கள் கையைக் கடிப்பது எம்.எஸ்சி. இரண்டு வருடம்தான். உதவித்தொகை இல்லாத பிஎச்.டி.யில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பாதியில் நிற்பவர்களில் பலர் பணத்தால்தான் நிற்கிறார்கள்.

தம்பி சொல்வது பழைய நிலவரம். செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் வந்தது. மறுவருட விதிகள் எம்ப்ரியாலஜிஸ்ட் பணிக்குப் படிப்பும் அனுபவமும் இன்னதென்று வரையறுத்துவிட்டன. பி.எஸ்சி. விலங்கியலுக்கு மேல் ஒரு குறுகிய டிப்ளமோ மட்டும் போதாது. எந்த வழியில் போனாலும் எம்.எஸ்சி. வேண்டும். அதனால் இப்போதே சண்டை போட்டு முடிவெடுக்க அவசரமில்லை.

அதற்குள் அவள் பார்க்க வேண்டியது, இந்த வேலையின் அன்றாடத்தை. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி மாதிரி இடங்களிலிருந்துதான் இத்துறை ஆய்வகங்கள் பலவற்றுக்கு ஆட்டின் சினைப்பைகள் (ஓவரி) வருகின்றன. வெதுவெதுப்பான உப்புக்கரைசல் ஊற்றிய பிளாஸ்கில் எடுத்து வருவார்கள். சினைப்பையின் மேல் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும் நுண்பைகளில் ஊசியைக் குத்தி நீரை உறிஞ்சி, தட்டில் விட்டு, நுண்ணோக்கியின் கீழ் கருமுட்டைகளைத் தேட வேண்டும். சுற்றிலும் செல் அடுக்கு கலையாமல் இருப்பவைதான் உதவும். பிறகு சுமார் ஒரு நாள் இன்குபேட்டரில் முதிர வைக்க வேண்டும். அடுத்த நாள் பார்த்தால் பாதி வீணாகியிருக்கலாம். வாடையும் இந்த ஏமாற்றமும் பழகிப்போகிறதா என்று பாருங்கள். பழகாதவர்களும் நல்ல விஞ்ஞானிகள் ஆகலாம், ஆனால் வேறு துறையில்.

இதற்கு நாட்டின் அறிவியல் அகாடமிகள் தரும் இரண்டு மாதக் கோடைக்கால உதவித்தொகை நல்ல வாசல். எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தை முதலில் பாருங்கள். அங்கே ஹார்மோன்களைப் பற்றிப் படிக்கும் நாளமில்லாச் சுரப்பியியல் துறையே இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் ஒரே வண்டி, விடுதிச் செலவு மிச்சம். பிஎச்.டி. என்று வரும்போது மும்பை பரேலில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி. என்று ஊர் விட்டுப் போக நேரலாம். அதற்கு நீங்களும் மனதைத் தயார் செய்யுங்கள்.

இன்னொன்று, ஆய்வுக் குறிப்பேட்டை முதல் நாளிலிருந்து ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். 1978-இல் கொல்கத்தாவில் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய சுபாஷ் முகோபாத்யாயை அன்று யாரும் நம்பவில்லை. 1981-இல் இறந்துபோனார். 1986-இல் மும்பையில் அதே சாதனைக்குப் புகழ்பெற்ற டி.சி. ஆனந்தகுமார்தான், முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துவிட்டு, இந்தியாவில் முதலில் செய்தவர் அவரே என்று 1997-இல் எழுதினார்.

ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டு சலுகை உண்டு. முதல் முறை தவறினாலும் கதவு மூடிவிடாது.