போர்க்களம் காணாத ஒருவர் எப்படிப் பாதுகாப்பு அமைச்சராக இருக்கிறார்?

கேள்வி: இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சரின் வேலை என்ன? ராணுவத்தில் ஒருநாள்கூடப் பணியாற்றாத அரசியல்வாதியை அந்தப் பதவியில் அமர்த்துவது சரியா?

தரைப்படையில் 24 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் நான். என் காலம் பெரும்பாலும் கோப்புகளோடு போனது. அதனால் கோப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் படைப்பிரிவு லடாக்கில் இருந்தபோது குளிர்கால உடுப்புக்கான தேவைப்பட்டியலைத் தட்டச்சு செய்வது என் வேலை. எத்தனை ஜோடி பனிக்காலணி, எந்தெந்த அளவு, எத்தனை கையுறை, எத்தனை கண்ணாடி. ஓர் ஆண்டு ஏழாம் எண் காலணி போதுமான அளவு வரவில்லை. எட்டாம் எண் காலணிக்குள் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு காவலுக்குப் போனார்கள் பையன்கள். தளர்ந்த காலணிக்குள் பனி புகுந்துவிடும். புகுந்தால் விரல் கறுக்கும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு பையனுடைய சுண்டுவிரல் நுனியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு நேரே நான் அடித்த எண்ணிக்கை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அது மேலே எந்த மேசையில் குறைந்தது, எந்த மேசையில் தாமதமானது என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த மேசைகள் அத்தனைக்கும் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் பாதுகாப்பு அமைச்சர். அவருடைய வேலையின் மையம் இதுதான்.

பலர் நினைப்பதுபோல அவர் படைகளின் தளபதி ஆகமாட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்திருக்கிறது. களத்தில் எந்தப் படை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தளபதிகள் பார்த்துக்கொள்கிறார்கள். போருக்குப் போவதா வேண்டாமா என்பது போன்ற முடிவுகளைப் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு எடுக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் அதில் ஓர் உறுப்பினர். அணு ஆயுதம் பற்றிய முடிவும் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுடையதுதான்.

மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். மிச்சம்தான் மலைபோல் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் புதிய தளவாடங்கள் உள்ளிட்டவற்றுக்கான மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி, எங்களைப் போன்றவர்களின் ஓய்வூதியம் 1.60 லட்சம் கோடி. ஒரு பெரிய தளவாடம் வாங்க வேண்டுமென்றால் முதலில் அது தேவைதான் என்று பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழு ஏற்க வேண்டும். கார்கில் போரின் பாடங்களுக்குப் பிறகு 2001இல் அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்குத் தலைவர் பாதுகாப்பு அமைச்சரே. அதன் பிறகு ஒப்பந்தப்புள்ளி, களச் சோதனை, விலை பேசுதல், நிதித் துறையின் ஒப்புதல் என்று ஆண்டுகள் ஓடும். இந்த நீண்ட வழியில் கோப்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று விடாமல் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வெள்ளையர் ஆட்சியில் படைகளின் தலைமைத் தளபதியே வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினர். படையை நடத்துபவரும் அவரே, படைக்காக அரசில் பேசுபவரும் அவரே. 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்தபோது இது மாறியது. பாதுகாப்புப் பொறுப்பு பல்தேவ் சிங் கைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பாதுகாப்பு அமைச்சரும் அவர்தான். டெல்லியில் தலைமைத் தளபதி குடியிருந்த மாளிகை பிரதமர் நேருவின் இல்லமானது. அதுதான் தீன்மூர்த்தி பவன். 1955இல் தலைமைத் தளபதி என்ற பட்டமே நீக்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனித் தளபதிகள், மூவரும் அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது உறுதியானது.

அதே காலத்தில் பாகிஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த அயூப்கான் 1954இல் அந்தப் பதவியில் இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். 1958இல் ஆட்சியே அவர் கைக்குப் போய்விட்டது. படையைத் தெரிந்தவரே அமைச்சராக வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு ஆண்டுகள்தான். சீருடை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களுக்கு மேலே, மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் இருப்பதில் எனக்கு ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை. படையில் இருந்தவர் வரவே கூடாது என்பதும் இல்லை. ராணுவ அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்த ஜஸ்வந்த் சிங் 2001இல் சில மாதங்கள் இந்தப் பொறுப்பை வகித்தார்.

ஆனால் படையைத் தெரியாதது வேறு, படைக்காரன் சொல்வதைக் கேட்காதது வேறு. 1957 முதல் 1962 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் மீது எனக்கு இருப்பது கலவையான மரியாதை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது அவர் காலத்தில், 1961இல். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. படை அதிகாரிகளாகச் சேர மாணவர்களைத் தயார்செய்யும் சைனிக் பள்ளிகள் அவருடைய முயற்சி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகர் பள்ளி 1962இல் வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு 1958இல் உருவானபோது அமைச்சரும் அவரே. இவ்வளவு செய்தவருக்குத் தளபதிகளோடு ஒத்துப்போக முடியவில்லை. 1959இல் தரைப்படைத் தளபதி திம்மையா ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டார். நேரு பேசித்தான் திரும்பப் பெற வைத்தார். மூன்றே ஆண்டில் சீனப் போர். போதிய குளிர் உடுப்பு இல்லாமல் நம் வீரர்கள் இமயத்தின் உயரங்களில் நின்றார்கள். 1962 நவம்பரில் மேனன் அமைச்சரவையை விட்டே வெளியேற நேர்ந்தது. காலணிப் பட்டியலில் ஓர் எண் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

அவருக்குப் பின் வந்த ஒய்.பி. சவாண் மகாராஷ்டிர முதல்வராக இருந்தவர், போர் தெரியாதவர். வந்ததும் தளபதிகளை அடிக்கடி கூட்டி உட்கார வைத்துப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். தரைப்படையை 8.25 லட்சம் வீரர்களாக விரிவாக்குவது, புதிய மலைப்படைப் பிரிவுகளை எழுப்புவது எல்லாம் அவர் காலத்துத் திட்டங்கள். 1965 செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறின. மாலை நான்கு மணி வாக்கில் தரைப்படைத் தளபதி சௌத்ரி விமானப்படை உதவி வேண்டும் என்று வந்து நின்றார். விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங் ஒரு மணி நேரத்தில் விமானங்களை அனுப்ப முடியும் என்றார். சில நிமிடங்களில் சவாண் அனுமதி கொடுத்தார். இருட்டுவதற்குள் பதான்கோட்டிலிருந்து கிளம்பிய விமானங்கள் குண்டு வீசின. எங்கே வீசுவது, எப்படி வீசுவது என்று அவர் சொல்லவில்லை, அது தளபதிகளின் தொழில். போகலாம் என்று சொல்லும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். விமானங்கள் திரும்பாவிட்டால் நாடு அவரைத்தான் கேட்டிருக்கும். அன்று நான்கு விமானங்களை இழக்கவும் செய்தோம்.

தமிழ்நாட்டிலிருந்து என்.கோபாலசாமி ஐயங்கார், சி.சுப்பிரமணியம், ஆர்.வெங்கட்ராமன் ஆகியோர் இந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2017இல் பொறுப்பேற்று, இதை முழுநேரப் பொறுப்பாக வகித்த முதல் பெண்ணானார். இவர்களில் வெங்கட்ராமன் செய்த ஒரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாகச் செய்யலாம் என்ற திட்டத்தோடு அப்துல் கலாமும் அறிவியல் ஆலோசகர் அருணாசலமும் அவரிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டு, ஏன் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கக் கூடாது என்று கேட்டார். கலாம் இதைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1983இல் 388 கோடி ரூபாயில் தொடங்கிய அந்தத் திட்டத்திலிருந்துதான் பிருத்வியும் அக்னியும் ஆகாஷும் வந்தன. சட்டம் படித்த ஒரு வழக்கறிஞர் விஞ்ஞானிகளிடம் அவர்கள் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்கச் சொன்னார்.

நான் பணியில் இருந்தபோது பாதுகாப்பு அமைச்சராக வந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் சியாச்சினுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தவர் என்பதால் எங்கள் கூடாரங்களில் அவர் பேச்சு அடிபடும். பனிச்சறுக்கு வண்டி வாங்கும் கோப்பில் கேள்விமேல் கேள்வி எழுதித் தாமதப்படுத்திய அதிகாரிகளை, சியாச்சினுக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர் அனுப்பிவைத்த செய்தி வந்த அன்று, சமையற்கூடத்தில் இரவுச் சாப்பாட்டின்போது வேறு பேச்சே இல்லை. அவர் காலத்துக் கொள்முதல்கள் மீது கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்ததும், 2001இல் அவர் பதவி விலகி, அதே ஆண்டு திரும்பி வந்ததும் உண்மை. அதையும் மறைக்க மாட்டேன்.

கடைசியாக என் சொந்தக் கதை. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என்பது எங்களுடைய நாற்பதாண்டுக் கோரிக்கை. ஒரே பதவியில், அதே அளவு காலம் பணியாற்றி, முன்னால் ஓய்வுபெற்றவருக்குக் குறைவாகவும் பின்னால் ஓய்வுபெற்றவருக்கு அதிகமாகவும் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. எத்தனையோ அமைச்சர்கள் வந்துபோனார்கள். 2015 செப்டம்பர் 5 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அறிவிப்பை வாசித்தபோது குடியாத்தத்தில் என் பக்கத்து வீட்டு முன்னாள் சுபேதாரும் நானும் ஒரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு அப்போது வயது 78. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை; ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்றோம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றார்கள். நிலுவைத் தொகை அரையாண்டுத் தவணையாக வந்தது. முதல் தவணை வந்ததும் சுபேதார் ஐயா வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, “இதைச் சத்தமாகப் படி தம்பி, எழுத்து தெரியவில்லை” என்றார். மூன்று முறை படிக்கச் சொன்னார்.