எதிரி நாடுகளை முடக்கி வைக்கும் கொள்கையை அமெரிக்கா மறுபடி யோசிக்க வேண்டுமா?

கட்டாயம் யோசிக்க வேண்டும். ஆனால் "பொருளாதாரத் தடை போட்டு என்ன பிரயோசனம்" என்று பலர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. தடைக்குப் பலன் உண்டு, என்ன செய்தால் அது நீங்கும் என்று தடைபட்டவனுக்குத் தெரிந்திருந்தால்.

1993 இல் கிளின்டன் நிர்வாகம் ஈராக், ஈரான் இரண்டையும் சேர்த்தே முடக்கப் போவதாக அறிவித்தது. எண்பதுகளில் எட்டு வருஷம் தங்களுக்குள் அடிபட்ட நாடுகள் அவை. ஒன்றை வைத்து மற்றதை மட்டம் தட்டுவதுதான் வாஷிங்டனின் பழைய கணக்கு, அதை விட்டதும் இரண்டுக்கும் காவல் நிற்கும் வேலை தன் தலையிலேயே விழுந்தது. 1997 இலேயே முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர்கள் பிரெசின்ஸ்கியும் ஸ்கோகிராஃப்டும் இதைக் குறை சொல்லி எழுதினார்கள், யார் கேட்டது?

அதே வருஷம் மார்ச்சில் இன்னொன்று நடந்தது. பேரழிவு ஆயுதங்களை ஒழித்தால் ஈராக் மறுபடி எண்ணெய் விற்கலாம் என்பதுதான் ஐ.நா.வின் 687 ஆம் தீர்மானம். வெளியுறவுச் செயலாளர் ஆல்பிரைட்டோ, அதைச் செய்தாலும் தடையை நீக்குவதை ஏற்க மாட்டோம் என்று பகிரங்கமாகவே சொன்னார். சரி, பிறகு ஈராக் ஜனாதிபதி சதாம் எதற்காக ஒத்துழைக்க வேண்டும்? (அந்த ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) ஈரானுக்கும் 2018 மே மாதம் அதேதான்: அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தடை தளரும் என்ற 2015 ஒப்பந்தப்படி ஈரான் நடக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்த பிறகும் டிரம்ப் அதிலிருந்து விலகினார்.

இதில் கொழும்புக்கு என்ன என்று கேட்காதீர்கள். இலங்கையின் சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கென்றே கட்டப்பட்டது, 2012 இல் தடை இறுகியபோது தவித்துப் போனோம். வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்காமல் நின்ற கடன் 251 மில்லியன் டொலர். கடைசியில் 2021 டிசம்பரில், மாதம் 5 மில்லியன் டொலருக்குத் தேயிலை அனுப்பிக் கழிப்பதென்று எழுதினார்கள். ஏற்றுமதியாளருக்குக் காசு இங்கேயே ரூபாயில். ஒருவருக்கும் எதிரியில்லாத நாட்டின் நிலைமை இது!

என்னைக் கேட்டால், அணுவுக்கு ஒரு விலை, ஏவுகணைக்கு வேறு விலை என்று ஈரானோடு தனித்தனியாகப் பேச வேண்டும், கொடுக்கும் சலுகையை அமெரிக்கக் காங்கிரசில் சட்டமாக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஜனாதிபதி வந்து கிழித்துப் போடுவார். தளர்த்தினால் அந்தக் காசு ஈரான் ஆதரிக்கும் ஆயுதக் குழுக்களுக்குத்தானே போகும் என்பீர்கள். கொஞ்சம் போகும்தான். ஆனால் இறுக்கியதில் கிடைத்தது என்ன? ஒப்பந்தத்தில் 3.67 சதவீதத்தோடு நின்ற யுரேனியச் செறிவூட்டல் (சதவீதம் ஏற ஏற அணுகுண்டுக்குக் கிட்ட) 2021 ஏப்ரலில் 60 சதவீதத்துக்குப் போனது.